மழையில் எடுத்த உப்பு

காலை பத்து மணிக்கு என் குரலைக் கேட்காத அரசாங்கம் உலகத்தில் கிடையாது என்று பட்டுக்கனியிடம் நான் பீற்றிக்கொள்வது வழக்கம். பட்டுக்கனி என் மனைவி. கேட்கிறார்கள் சரி, கேட்டுவிட்டு ஒருத்தராவது உங்களை நன்றாக இருக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று அவள் திருப்பிக் கேட்பாள். எப்படிச் சொல்வார்கள்? நான் வாசிப்பது நல்ல சேதி இல்லை. தூத்துக்குடிக் கட்டி வாரியத்தின் ஒலிபெருக்கியில் தினமும் ‘காலைக் குறை’ வாசிப்பதுதான் பதினாறு வருடமாக என் உத்தியோகம். பெயர் தவசிமுத்து.

இந்த 2091-இல் இருப்பவர்களுக்குக் கட்டி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் அளத்து உப்பைச் சுத்தம் செய்து, இன்னும் இரண்டு பொருளைச் சேர்த்து, செங்கல் அளவுக்கு அழுத்தி எடுத்தால் அதில் மின்சாரத்தை அடைத்து வைக்கலாம். ஒரு குடும்பம் ஒரு வருடம் செலவழிக்கும் மின்சாரம் ஒரு கட்டிக்குள் நூறு வருடம் குறையாமல் உட்கார்ந்திருக்கும். கட்டிகளை வாரியம் கொட்டகையில் அடுக்கிவைத்துக்கொண்டு கட்டிக்கு ஒரு சீட்டு கொடுக்கும். சீட்டைக் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினால் கட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடும். யார் நீட்டினாலும் கொடுக்கும். எந்த நாடு, யாருக்கு வேண்டியவர், யாருக்கு வேண்டாதவர் என்ற கேள்வியே கிடையாது.

பெரிய நாடுகள் ஒன்றின் சேமிப்பை இன்னொன்று முடக்கத் தொடங்கிய காலத்தில், ஆபத்துக்கு என்று அரசாங்கங்கள் ஒதுக்கிவைக்கும் பணத்தை எங்கே வைப்பது என்று எல்லோருக்கும் தலைவலி வந்தது. ஒவ்வொருவராக எங்கள் சீட்டுக்கு வந்தார்கள். இன்றைக்கு எண்ணெய் விலையும் கோதுமை விலையும் இத்தனை கட்டி என்றுதான் பேசப்படுகிறது. உலகத்தின் சேமிப்புப் பணம் தூத்துக்குடியில், உப்பு வாடை அடிக்கிற நாற்பது கொட்டகைகளில் இருக்கிறது. நினைத்தால் எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கும்.

காலைக் குறை எப்படி வந்தது என்றால், வாரியத்தைத் தொடங்கிய அளத்துப் பெண்களால் வந்தது. உப்பை அம்பாரமாகக் குவித்துவைத்திருக்கும்போது வியாபாரி வருவான். வந்தவுடன் அடியில் ஈரம் இருக்கும் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு விலையைக் குறைப்பான். ஒரு வருடம் இந்தப் பெண்கள் முந்திக்கொண்டார்கள். இந்த அம்பாரத்தில் அடியில் ஒரு முழம் ஈரம், அந்த அம்பாரத்தில் மண் கலந்திருக்கிறது என்று அவன் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்கள். அவர்கள் சொன்ன குறைக்கு மட்டும் அவன் விலையைக் குறைத்துவிட்டு மீதிக்கு முழு விலை கொடுத்துப் போனான். வாரியம் தொடங்கியபோது அதுவே முதல் விதியாகிவிட்டது. ஜன்னல் திறக்கும் முன் முந்தின நாள் குறையை ஊருக்குக் கேட்கும்படி வாசிக்க வேண்டும். குறை என்ன, செய்தவர் பெயர் என்ன, எந்த நாளில் சரியாகும். இந்த மூன்றும் இருக்க வேண்டும். தானாகச் சொன்ன குறைக்குத் தண்டனை இல்லை. மறைத்தது தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

பெரும்பாலும் சில்லறைக் குறைகள்தான். பூட்டு துருப்பிடித்தது, லாரி பத்து நிமிடம் தாமதமாக வந்தது. மூன்றாம் கொட்டகையில் ஒரு விசிறி வருடத்துக்கு இருபது தடவை நின்றுவிடும். அந்த விசிறியை இன்றைக்கு உலகத்தின் எல்லா நிதியமைச்சர்களுக்கும் தெரியும்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சேர்மக்கனி என் அறைக்கு வந்தாள். கொட்டகைகளில் கட்டிகளைப் பரிசோதிக்கும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. முப்பத்தைந்து வயதிருக்கும், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். வந்தவள் உட்காராமல் ஒரு பூனையைப் பற்றிப் பேசத் தொடங்கியபோதே எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது.

பன்னிரண்டாம் கொட்டகையில் கட்டி அடுக்குக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளை எடுக்க வேண்டுமே என்று பின்வரிசையைக் கலைத்திருக்கிறார்கள். கலைத்ததுதான் கலைத்தோம், ஒரு கட்டியைச் சோதித்துப் பார்ப்போம் என்று இவள் மீட்டரில் வைத்திருக்கிறாள்.

“முக்காலுக்குக் கீழ நிக்கி, அண்ணாச்சி. மீட்டருதான் கோளாறுன்னு நெனச்சி வேற மீட்டர்ல வச்சேன். அதுலயும் அப்பிடித்தான். பக்கத்துல உள்ளது, அதுக்கடுத்தது, இப்பிடியே நாப்பது கட்டி பாத்துட்டேன். எல்லாம் கசிஞ்சிருக்கு.”

ஒவ்வொரு கட்டியிலும் அது செய்யப்பட்ட மாதம் பதிந்திருக்கும். என்ன மாதம் என்று கேட்டேன். அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை. ஒன்பது வருடத்துக்கு முந்தின ஐப்பசி, கார்த்திகை.

உப்பளம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மழை மாதங்களில் எங்கள் ஊரில் யாரும் பாத்தியில் கால் வைக்கமாட்டார்கள். உப்பும் மழையும் சேராது என்பது பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். ஆனால் அந்த வருடம் இரண்டு பெரிய நாடுகளுக்குள் தகராறு முற்றி, உலகமே சீட்டு வேண்டும், சீட்டு வேண்டும் என்று எங்கள் வாசலில் வந்து நின்றது. சீட்டு கொடுக்க வேண்டுமென்றால் கட்டி வேண்டும். அப்போது உற்பத்திப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சுயம்புலிங்கம், என் மனைவியின் அண்ணன். பாத்திகளுக்கு மேல் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு மழைக்காலம் முழுக்க வேலை நடத்தினார். இரட்டைச் சம்பளம். இரண்டரை லட்சம் கட்டி கூடுதலாக வந்தது. ஊரே அவருக்கு மாலை போட்டது. மறு வருடம் அவர் வாரியத் தலைவராகிவிட்டார்.

கூடாரத்துக்குள் மழை விழவில்லை, வாஸ்தவம். ஆனால் காற்றில் ஈரம் இருந்ததே. அது கட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஒன்பது வருடமாக மெதுவாக அரித்திருக்கிறது. புதுக் கொட்டகைகளில் சுவரிலிருந்து முன்னோக்கி அடுக்குவது வழக்கம் என்பதால் மழைக்கட்டிகளில் பெரும்பகுதி பின்வரிசைக்குப் போய்விட்டது. பரிசோதிப்பவர்கள் கைக்கெட்டும் முன்வரிசையிலிருந்தே எடுத்துப் பார்த்தார்கள். சோதித்த நாற்பதும் இப்படி என்றால், இருபத்துநாலு லட்சம் கட்டியில் இரண்டரை லட்சம் ஓட்டை. ஏறக்குறைய பத்தில் ஒன்று.

சேர்மக்கனி குறைச் சீட்டை எழுதியே கொண்டுவந்திருந்தாள். மேஜையில் வைத்தாள். பெயர் என்ற இடத்தில் சுயம்புலிங்கம் என்று எழுதியிருந்தது. முதலில் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்றேன். ஜன்னலையும் அவள்தான் திறப்பாள் என்பதால், நாளைக்கு அங்கே வந்து நிற்கப்போகும் கூட்டத்தை நினைத்தாளோ என்னவோ, சற்று யோசித்தாள்.

“நான் எழுதிக் குடுத்துட்டேன். வாசிக்கது ஒங்க பாடு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சுயம்புலிங்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். இந்த ஊருக்கு நல்ல தண்ணீர் வந்தது அவரால். ஆஸ்பத்திரி வந்தது அவரால். சேதியைக் கேட்டதும் அவர் கத்தவில்லை, மறுக்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நிதானமாகக் கணக்குச் சொன்னார். நாளைக் காலை இதை வாசித்தால் பத்தரைக்கு ஜன்னலில் உலகம் வந்து நிற்கும். வடக்குக் கூட்டமைப்பு என்கிற ஒரு பெரிய நாட்டிடம் மட்டும் ஒன்பது லட்சம் சீட்டு இருக்கிறது. முதலில் வருகிறவர்களுக்கு நல்ல கட்டி கிடைக்கும், கடைசியில் வருகிறவர்களுக்கு ஒன்றும் இருக்காது. கடைசியில் வருகிறவர்கள் யார்? சின்ன நாடுகள். அப்புறம் நம் ஊர்க்காரர்கள். இங்கே இரண்டு லட்சம் பேருக்குச் சம்பளமும் சேமிப்பும் சீட்டாகத்தான் இருக்கிறது.

“மறைக்கச் சொல்லல, மாப்ள. தள்ளிச் சொல்லுவோம்னுதான் சொல்லுதேன். ரெண்டு வருசம் குடும். ரெண்டரை லட்சம் நல்ல கட்டி செஞ்சி அந்த எடத்துல வச்சிருதேன். வச்ச அன்னைக்கி நீரே வாசியும், எம் பேரப் போட்டே வாசியும்.”

அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது, இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நாளைக்குரிய குறையைத் தானே எழுதினார். மூன்றாம் கொட்டகையில் விசிறி நின்றுவிட்டது.

“பொய் ஒண்ணும் இல்ல. இன்னைக்கி காலைல நெசமாவே நின்னுபோச்சி.”

இரண்டு காகிதத்தையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துறைமுகச் சாலைக்கு டீ குடிக்கப் போனேன். அங்கே இங்கா உட்கார்ந்திருந்தார். இங்கா வடக்குக் கூட்டமைப்பின் பார்வையாளர். தங்கள் ஒன்பது லட்சம் சீட்டுக்குக் காவலாக அவர்கள் இங்கே நிறுத்திவைத்திருக்கும் ஆள். ஐம்பது வயது, வெயிலில் சிவந்த மூக்கு, எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் என்றால் உயிர். வந்து ஏழு வருடம் ஆகிறது. தமிழை அவர் யாரிடமும் போய்க் கற்கவில்லை. தினமும் என் காலைக் குறையைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார். அதனால் அவர் பேசும் தமிழ் முழுக்க மன்னிப்புக் கோரும் தமிழாகவே இருக்கும்.

“வருந்துகிறோம். இன்று மக்ரூன் தீர்ந்துவிட்டது. நாளை சரிசெய்யப்படும்,” என்றார் என்னைப் பார்த்ததும்.

வழக்கமாக நான் சிரிப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ பொழுதுபோகாமல் கேட்பவன் போல, உங்கள் நாடு எவ்வளவு பெரியது, உங்களுக்கே கட்டி செய்யத் தெரியும், எதற்காக எங்கள் சீட்டை இத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எங்களிடம் உங்களினும் சிறந்த கட்டி உள்ளது,” என்றார் இங்கா. “கொட்டகை பெரிது. காவலுக்குப் பீரங்கி உண்டு. ஆயினும் எங்கள் சீட்டை அண்டை நாடே வாங்க மறுக்கிறது.”

ஏன் என்று கேட்டேன்.

“இருபது ஆண்டுகளாக எங்கள் கொட்டகையில் ஒரு குறையும் நிகழவில்லை என்று அறிவித்து வருகிறோம். எவரும் நம்பவில்லை. மேலும், எங்களுக்குப் பிடிக்காதவர் வந்தால் எங்கள் ஜன்னல் பழுதாகிவிடும். இதையும் எவரும் மறக்கவில்லை.” டம்ளரைக் கீழே வைத்தார். “உங்கள் விசிறியை எங்கள் அமைச்சகம் நம்புகிறது. இருபது முறை விசிறி நின்றதைக் கூறியவர், பெரிய ஒன்று நின்றாலும் கூறுவார் என்று எண்ணுகிறது. எண்ணம் சரியா என்று பார்ப்பதற்கே நான் இங்கு உள்ளேன்.”

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏன் என்று எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது. அப்போது என் கவனமெல்லாம் சட்டைப்பையில் இருந்த விசிறியின்மேல் இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பட்டுக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அண்ணனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஒன்று கேட்டாள்.

“அந்த வருசம் மழையில தெனமும் குடை பிடிச்சிட்டுத்தான போனிய? போயி என்ன வாசிச்சிய?”

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கம்பி ஒடிந்த கறுப்புக் குடை. வாசலில் அதை மடக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட மூலையில் சாத்திவிட்டு, ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து, இன்று குறை ஏதும் இல்லை என்று வாசித்தேன். ஐம்பத்தொன்பது நாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அளத்தில் உப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். உப்பளத்து ஊரில் பிறந்த எனக்கோ குடையோடு வேலைக்கு வந்த மற்றவர்களுக்கோ அது குறை என்று தோன்றவே இல்லை. பெருமையாக இருந்தது. இரட்டைச் சம்பளத்தில் பட்டுக்கனிக்கு வளையல் வாங்கினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு காகிதமும் முன்னால் இருந்தன. இன்றைய குறை என்று தொடங்கினேன், அதற்கு மேல் நாக்கு எழவில்லை. பதினாறு வருடத்தில் நான் நடுவில் நிறுத்தியது கிடையாது. அந்தப் பதினொரு நொடி மௌனத்திலேயே சில சந்தைகளில் சீட்டு விலை இறங்கிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் சந்தையை நினைக்கவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். எங்கள் சேமிப்பு, ஆஸ்பத்திரி, அளத்துச் சனங்கள், வீட்டு மாப்பிள்ளையான என்னை ஒருநாளும் குறைத்து நடத்தாத மச்சான், எல்லாம் அந்தப் பதினொரு நொடியில் கண்முன் வந்து போயின. பிறகு சேர்மக்கனியின் குறைச் சீட்டை எடுத்தேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மழை மாதங்களில் செய்யப்பட்ட இரண்டரை லட்சம் கட்டிகள் கசிந்துள்ளன. பெயர்: சுயம்புலிங்கம், அன்றைய உற்பத்திப் பொறுப்பாளர். சரிசெய்யும் நாள்: இன்றிலிருந்து இரண்டு ஆண்டு, மழை மாதங்கள் நீங்கலாக. சீட்டில் இருந்தது அவ்வளவுதான். அதோடு நான் ஒரு வரி சேர்த்தேன். இன்னொரு பெயர்: தவசிமுத்து. மழையில் குடை பிடித்து வந்து, குறை ஏதும் இல்லை என்று ஐம்பத்தொன்பது நாள் வாசித்தவர்.

வெளியே வந்தபோது சுயம்புலிங்கம் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“எம் பேரு சரி. ஒம்ம பேர எதுக்குவே சேத்தீரு?” என்றார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் ஜன்னலுக்குப் போனார். சேர்மக்கனி பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தானே சட்டைக் கையை மடித்துவிட்டுக் கதவைத் திறந்தார். அவர் சொன்னது போலப் பத்தரைக்கு உலகம் வந்து நின்றது.

அடுத்த ஒன்பது நாளும் இப்படித்தான் போனது. துறைமுகத்தில் கப்பலுக்கு இடமில்லை. வரிசை ஜன்னலிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் நீண்டது. சந்தையில் ஒரு சீட்டின் விலை பாதிக்கு விழுந்தது. எங்கள் சம்பளம் பாதியானது, ஆஸ்பத்திரியின் புதுக் கட்டட வேலை நின்றது. காய்கறிக்காரர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பெண் பேருந்தில் எல்லோரும் கேட்க என்னைத் திட்டினாள். அவள் மகன் படிப்புக்கு வைத்திருந்தது எல்லாம் சீட்டு. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

ஜன்னலை மட்டும் ஒருநாளும் அவர்கள் முன்னதாகச் சாத்தவில்லை. வந்தவர் யாரானாலும் மழைக்கட்டியை ஒதுக்கிவிட்டு நல்ல கட்டியாகத்தான் கொடுத்தார்கள். சுயம்புலிங்கம் ஒவ்வொருவரிடமும், மழையில உப்பு எடுக்கச் சொன்னவன் நான்தான் என்று தானே சொல்லிக்கொண்டு கட்டியைத் தூக்கிக் கொடுத்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு கட்டி நாலு கிலோ. பட்டுக்கனி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள், ஆனால் தினமும் பதினொரு மணிக்கு அண்ணனுக்கும் சேர்மக்கனிக்கும் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் நாளிலிருந்து எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

ஏழாம் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. முதல் நாளே கட்டியை வாங்கிப் போன ஒரு சின்ன நாட்டுக்காரர் கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். கட்டியைத் திரும்ப வைத்துக்கொண்டு சீட்டு கொடுங்கள் என்றார். ஏன் என்று சேர்மக்கனி கேட்டாள். வேறு இரண்டு ஊர்க் கொட்டகைகளில் போய் விசாரித்தாராம். அங்கே முப்பது வருடமாக ஒரு கட்டிகூடக் கெட்டதில்லை என்று சொன்னார்களாம். அதைக் கேட்டதும் தனக்குப் பயம் வந்துவிட்டது என்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். இருந்தாலும் வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒன்பதாம் நாள் முடிவில் பதினொரு லட்சம் கட்டி போயிருந்தது. நல்ல கட்டி பத்தரை லட்சம் மீதி இருந்தது, வெளியே பதிமூன்று லட்சம் சீட்டு இருந்தது. அதில் ஒன்பது லட்சம் கூட்டமைப்பினுடையது.

அந்த ஒன்பது நாளும் கூட்டமைப்பு வரவில்லை. அதுதான் எங்களைக் கொன்றது. அவர்கள் வந்து ஒன்பது லட்சத்தைத் தூக்கிக்கொண்டு போனால் மீதி ஒன்றரை லட்சம் கட்டி, நாலு லட்சம் சீட்டு. அந்த நாலு லட்சம் யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். பெரும்பகுதி எங்கள் ஊருடையது.

பத்தாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு இங்கா வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் வரிசை விலகி வழி விட்டது. சுயம்புலிங்கம் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ஆனால் இங்கா ஜன்னலுக்குப் போகவில்லை. நேராக என் அறைக்கு வந்தார். கையில் சீட்டுப் பெட்டி இல்லை, மடித்த ஒரு காகிதம் மட்டும் இருந்தது.

“வெளியார் குறையை இங்கு வாசிக்க விதியில் இடம் உண்டா?” என்று கேட்டார்.

விதியில் இடம் உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. யாரும் இதுவரை கேட்டதில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பத்து மணிக்கு அவர் உட்கார்ந்து, என்னைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

“இன்றைய குறை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்த ஜன்னலில் நாங்கள் மாற்றிப் பெற்ற கட்டிகளுள் இருநூற்றுப் பதினொன்று கசிந்தன. மழைக்கட்டிகள் என்று கண்டறிந்தோம். உங்களிடம் கூறவில்லை. நீங்கள் கூறுகிறீர்களா என்று காத்திருந்தோம். கூறாவிடில், எங்களுக்கு வசதியான நாளில் நாங்களே கூறி இச்சீட்டை வீழ்த்துவது என்று திட்டமிட்டோம். அந்த நாள் வரும் வைகாசியில் குறிக்கப்பட்டிருந்தது. பெயர்: இங்கா, பார்வையாளர். திட்டத்தை எழுதியவர். சரிசெய்யும் நாள்: இன்று. இதை வாசிக்க என் அமைச்சகம் அனுமதிக்கவில்லை. அதுவும் ஒரு குறை. வருந்துகிறோம்.”

வைகாசிக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. சுயம்புலிங்கம் கேட்ட இரண்டு வருடம் எங்களுக்குக் கிடைத்தே இருக்காது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். சேர்மக்கனி அவர் முதுகில் கை வைத்திருந்தாள். எனக்கும் கண்ணீர் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

சீட்டை வீழ்த்த நினைத்தவர்களே வந்து அதை ஒப்புக்கொண்டு, கட்டியும் கேட்காமல் போனதைப் பார்த்து, வரிசையில் இருந்தவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். முதலில் நின்றவர் தன் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் போய்விடவில்லை. மத்தியானம் வரைக்கும் சிலர் கட்டி வாங்கினார்கள். நாலு மணிக்கு ஜன்னலில் யாரும் இல்லை.

இங்காவுக்கு என்ன ஆயிற்று என்று பிறகு சொல்கிறேன் என்றால் மறந்துவிடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று மாலையே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வேலை போய்விடும் என்று அவரே சொன்னார். ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அவர் வாசித்ததைக் கேட்ட அண்டை நாடு ஒன்று, இருபது வருடத்தில் முதல்தடவையாகக் கூட்டமைப்பின் சீட்டைக் கொஞ்சம் வாங்கிப் பார்த்ததாம். மூன்று வாரத்தில் அவரையே திரும்ப அனுப்பிவைத்தார்கள். ஒன்பது லட்சம் சீட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அவர் வாசித்ததற்கு மறுநாள் காலை, பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் அறைக்குப் போனேன். வாசலில் மூன்று பேர், கையில் ஆளுக்கொரு காகிதத்தோடு நின்றிருந்தார்கள். ஒருவர் தீவு நாடொன்றின் தூதர். அவர்கள் நாட்டு வங்கி ஒரே சீட்டை இரண்டு இடத்தில் காட்டியிருந்ததாம். மற்ற இருவருக்கும் என்ன குறை என்று நான் கேட்கவில்லை. யார் முதலில் வாசிப்பது என்று அவர்களுக்குள் ஒரே தயக்கம்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றேன். “மொதல்ல எங்க வீட்டுக் குறை.”

பொத்தானை அழுத்தினேன். இன்றைய குறை. மூன்றாம் கொட்டகையில் விசிறி நின்று பன்னிரண்டு நாள் ஆகிறது. பெயர்: சுயம்புலிங்கம், எழுதிக் கொடுத்துவிட்டுச் சரிசெய்யச் சொல்ல மறந்தவர். சரிசெய்யும் நாள்: நாளை.